மண்ணுக்கு ஏற்ற வண்டி: டி.வி.சுந்தரம் அய்யங்கார்

மதுரை ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேல வெளி வீதியில் கொஞ்ச தூரம் நடந்தால் டி.வி.எஸ். கட்டிடம் கண்ணில் படும. நம் கல்லூரியில் படித்தவர்களில் அந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போகாதவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி இன்றைய மாணவர்களிடம் கேட்டால், டி.வி.எஸ். ஃபிப்டி கம்பெனிதானே சார், என்கிறார்கள். அந்த வண்டி வந்தது 1980-ல். அவர் காலமானது 1955-ல். இடையில் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது.

சங்கத்து நண்பர்கள் இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, நான் படித்த வணிகவியலுக்கும் நாம் வளர்ந்த ஊருக்கும் பொதுவான ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. கார் கம்பெனிகள் சில தேசங்களில் கொடிகட்டிப் பறக்கின்றன, சில தேசங்களில் கடையைக் கட்டிக்கொண்டு போகின்றன. ஏன் என்பதற்குப் பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எனக்கு அந்தப் பாடம் புரிந்தது சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான்.

வேலையை விட்டவர்

டி.வி.எஸ். என்பதில் உள்ள டி, திருக்குறுங்குடியைக் குறிக்கும். திருநெல்வேலிச் சீமையில், நம்பி கோயில் உள்ள ஊர். அங்கே 1877 மார்ச் 22-ம் தேதி பிறந்தார். வக்கீல் தொழிலில் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை. அதற்குப் பிறகு ஒரு பேங்க்கில் வேலை. அந்தக் காலத்தில் படித்த ஒரு பிராமணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பத்திரமான பாதை கிடையாது. மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை, பெண் கொடுக்க நாலு பேர்.

அதை அவர் விட்டார். 1911-ல், முப்பத்து நாலு வயதில், டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார். மறு வருஷமே பஸ் ஓட ஆரம்பித்தது. மோட்டார் என்றாலே ஜமீன்தாரும் கலெக்டரும் ஏறுகிற சமாசாரம் என்றிருந்த காலம் அது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஒரு மோட்டாரை ரோட்டில் விடுவது, வீட்டில் உள்ளவர்களுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்.

அவர் கணக்கு வேறு. மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது, மறு வருஷம் தூத்துக்குடி வரை போய்விட்டது. ஆனால் ரயில் ஒரு கோடு மாதிரி போகிறது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊர்கள் அப்படியே கிடந்தன. புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் ரயில் எட்டிப் பார்த்ததே 1920களின் கடைசியில்தான். போடி ரயிலும் 1928-ல்தான். செட்டிநாட்டில் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணம் இருந்தது, கம்பம் பள்ளத்தாக்கில் விளைச்சல் இருந்தது, 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கம் நெல் இருந்தது. எல்லாவற்றையும் இழுத்தது மாட்டு வண்டிதான். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு ரயில் எங்கே போகாது என்பது நன்றாகத் தெரிந்திருக்கும் அல்லவா?

ரோடு கேட்ட கேள்வி

இப்போது கொஞ்சம் மதுரையை விட்டு வெளியே போவோம். எந்த வண்டி வாங்குவது என்ற கேள்வி பஸ் முதலாளிக்குத் தலையெழுத்துக் கேள்வி. பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் பிரிட்டிஷ் வண்டிதான் நம் ரோட்டில் நிறைந்திருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது அதுவல்ல.

இங்கிலாந்தில் 1921 முதல் காருக்கு வரி குதிரைச் சக்திக் கணக்கில், ஒரு குதிரைச் சக்திக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைச் சக்தியை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் குறுக்களவையும் எண்ணிக்கையையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். சிலிண்டர் அகலமானால் வரி ஏறும். ஃபோர்டு மாடல் டி-க்கு 23 பவுண்டு வரி. மாரிஸ் கௌலிக்கு 12 பவுண்டு. 1922-ல் வந்த குட்டி ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டுதான். அதனால் பிரிட்டிஷ் கம்பெனிகள் எல்லாம் ஒல்லியான சிலிண்டர், சின்ன எஞ்சின், நல்ல தார் ரோட்டுக்கு ஏற்ற தாழ்வான உடம்பு என்று செய்தார்கள். சொந்த ஊரில் அது கெட்டிக்காரத்தனமான வியாபாரம். வரி மிச்சம், பெட்ரோல் மிச்சம்.

அதே வண்டியைத் திருமங்கலம் தாண்டிக் கரிசல் காட்டில் விட்டுப் பாருங்க. ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் பக்கம் போனால் வண்டித் தடம் இரண்டும் வாய்க்கால் மாதிரி இறங்கி, நடுவில் மேடு நிற்கும். தாழ்ந்த வண்டியின் வயிறு அந்த மேட்டில் இடிக்கும். சின்ன எஞ்சினுக்கு இழுவை போதாது.

அமெரிக்க வண்டி பிறந்ததே இப்படிப்பட்ட ரோட்டில்தான். அங்கே குடியானவன்தான் முக்கியமான வாடிக்கைக்காரன். பெட்ரோல் மலிவு, இங்கிலாந்து மாதிரி கடுமையான குதிரைச் சக்தி வரி கிடையாது. ஆகவே பெரிய எஞ்சின், மெதுவாகச் சுற்றினாலும் பலமாக இழுக்கும். தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி. உடைந்தால் ஊர்க் கொல்லனே தட்டிச் சரிசெய்யலாம். 1929-ல் வந்த ஷெவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின் 3.2 லிட்டர். ஆஸ்டின் செவனுடையது முக்கால் லிட்டர். இந்தியா, ஆஸ்திரேலியா என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கரடுமுரடான பாகங்களில் எல்லாம் அமெரிக்க வண்டி முந்தியதற்கு இதுதான் காரணம். ஆட்சி ஒருத்தருடையது, ரோடு இன்னொருத்தருக்கு உதவியது!

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபோர்டு தன் கனடா கம்பெனி மூலமாக 1926-ல் இந்தியாவில் கால் வைத்தது. கனடாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்த நாடுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஆலை போட்டு, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கியது. நம் பஸ் முதலாளிகளுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. வெறும் சேஸிஸ் மட்டும் வாங்கலாம். எஞ்சின், சக்கரம், சட்டம் வரும். மேலே கூண்டு கட்டுவது உள்ளூர்த் தச்சர். எத்தனை பெஞ்சு, கோழிக்கூடையும் வாழைத்தாரும் ஏற்ற மேலே எவ்வளவு இடம் என்பதை டெட்ராய்ட் முடிவு செய்யவில்லை, மதுரை முடிவு செய்தது.

மணியும் ஆணியும்

ஆனால் அதே சேஸிஸை எல்லா பஸ் முதலாளியும் வாங்கலாமே. அய்யங்கார் எங்கே வித்தியாசப்பட்டார்?

எங்கள் அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. காலை டி.வி.எஸ். போயாச்சா என்று கேட்டுத்தான் உலை வைப்பார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் ஐம்பது, அறுபதுகளில் வளர்ந்த எந்தப் பழைய மாணவரைக் கேட்டாலும் இதையே சொல்லுவார். பஸ் நேரத்துக்கு வரும், நேரத்துக்குக் கிளம்பும். ஆள் நிரம்பினால்தான் கிளம்புவேன் என்று ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நிற்காது. நாலு பேர் ஏறியிருந்தாலும் மணி ஆனால் கிளம்பும். அன்றைக்கு அது நஷ்டம். ஆனால் அதை நம்பி மறுநாள் பயணம் வைத்துக்கொள்ளலாம் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் பஸ் காலியாகப் போகாது.

நேரத்துக்கு வர வேண்டுமென்றால் வழியில் நிற்கக் கூடாது. வழியில் நிறுத்துகிற முதல் எதிரி பஞ்சர். அதற்குக் காரணம் மாட்டு வண்டி. மாட்டுக் குளம்பில் அடித்த லாட ஆணிகள் கழன்று ரோடெல்லாம் கிடக்கும். பஸ் போகிற ரோட்டில் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார் அய்யங்கார் என்று இன்றைக்கும் மதுரையில் பெரியவர்கள் சொல்லுவாங்க. ரோட்டைத் திட்டாமல் ரோட்டோடு சேர்ந்து தொழில் செய்தவர் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

மொட்டை டயருக்கு மறுபடி ரப்பர் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலை வந்தது. உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வந்தது. கார் விற்க சுந்தரம் மோட்டார்ஸ் வந்தது. பஸ்ஸும் லாரியும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸின் முதன்மையான விநியோகஸ்தர்களில் ஒன்றாக சுந்தரம் மோட்டார்ஸ் இருந்தது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வண்டியை ஓட்டினார், பிறகு பழுது பார்த்தார், பாகம் விற்றார், வண்டியும் விற்றார். வண்டி எங்கே உடையும் என்று தன் பஸ்ஸில் பார்த்துவிட்டவர், அடுத்தவருக்கு வண்டி விற்கும்போது எந்தப் பாகத்தைக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரியில் ஓடிய பஸ்

பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். அதே வருஷம் போடி ரயில் தண்டவாளத்தையும் போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுத்துப் போனார்கள், திரும்பப் போட்டது போர் முடிந்து பல வருஷம் கழித்துத்தான். ரயிலும் இல்லை, பஸ்ஸுக்குப் பெட்ரோலும் இல்லை என்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் என்ன செய்வார்கள்?

அய்யங்கார் கம்பெனி டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றைத் தயாரித்தது. பஸ்ஸோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிக்க வேண்டும். போதுமான காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை ஆறவைத்து, சாம்பல் தூசியை வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதிலாக எரியும். சுகமான காரியமில்லை. கிளப்புவதற்கு முன்னால் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இங்கேதான் அந்தப் பெரிய அமெரிக்க எஞ்சின் கை கொடுத்தது என்று நினைக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு போனாலும் மிச்சத்தில் பஸ் நகரும். முக்கால் லிட்டர் எஞ்சினில் எதைக் கழித்து எதை மிச்சம் பிடிப்பது?

வீட்டுக்குள் வந்த காலம்

மனிதரைத் தொழிலோடு மட்டும் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். அவருடைய மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். சின்ன வயதில் கல்யாணம், இருபது வயதை ஒட்டிக் கணவர் மறைவு. அந்தக் காலத்தில் அந்தக் குலத்தில் விதவைப் பெண்ணுக்கு என்ன விதி என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். அங்கே ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். வேறு ஜாதி, வேறு மொழி, மறுமணம். வீட்டில் எதிர்ப்பு இருந்தது. காந்திஜி இருவரையும் ஒரு வருஷம் பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். மனம் மாறவில்லை. 1940-ல் காந்திஜி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. 1947-ல் அந்தத் தம்பதிகள் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம்.

ரோட்டில் எல்லோருக்கும் முன்னால் போனவர், வீட்டில் மகளுக்குப் பின்னால் கொஞ்சம் தயங்கித்தான் நடந்தார். இதை மறைத்து எழுதினால் அவருக்குப் பெருமை சேராது. மகளைப் படிக்க டில்லிக்கு அனுப்பிய வீடும் அதுதான், மறுமணத்துக்குத் தயங்கிய வீடும் அதுதான்.

கம்பெனி போனது, கடை நின்றது

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் கொள்கை மாறியது. வெளியிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று 1953-ல் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்த மார்க்கெட் அவ்வளவு முதலீட்டுக்குத் தாங்காது என்று கணக்குப் போட்டு வெளியேறின. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் ஆலையை மூடியது. இருபத்தாறு வருஷ உறவு முடிந்தது. அதற்கு மறு வருஷம், 1955 ஏப்ரல் 28-ம் தேதி, கொடைக்கானல் வீட்டில் தூக்கத்திலேயே அய்யங்கார் காலமானார். வயது 78.

பெரிய கம்பெனி போனால் அதை நம்பிய டீலரும் கூடப் போவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. ஜனங்களுக்கு வேண்டியது ஷெவர்லே என்ற பெயர் அல்ல, நேரத்துக்குப் போய்ச் சேருவது, பழுதானால் அன்றைக்கே சரியாவது. அது மதுரையிலேயே இருந்தது. மகன்கள் 1960களில் பாகங்களைச் செய்யவே இறங்கினார்கள். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாக வந்தன. எந்தப் பெயரில் கார் வந்தாலும் சக்கரமும் பிரேக்கும் போல்ட்டும் வேண்டுமே! 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோதும் குடும்பத் தொழில் சாயவில்லை. அதற்குள் அது பஸ்ஸை மட்டும் நம்பியிருக்கவில்லை.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். ஃபிப்டியும் அதே கணக்குதான். மொபெட் என்றால் ஒருத்தர் ஓட்டுவது என்றிருந்தபோது, இரண்டு பேர் உட்காரலாம் என்று செய்தார்கள். நம் ஊரில் இரண்டு பேர் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, ஒரு மூட்டை என்று அர்த்தம். பால்காரர், காய்கறிக்காரர், ஆட்டுத் தழை கட்டிக்கொண்டு போகிறவர் எல்லோரும் அதில் ஏறினார்கள். 1912-ல் தாத்தா படித்த ரோட்டைப் பேரன்கள் மறக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பி வந்தது. 1996-ல் குஜராத்தில் ஹாலோல் ஆலையிலிருந்து ஓப்பல் ஆஸ்ட்ரா. நல்ல கார்தான். ஆனால் மாருதி 800 வந்து பதின்மூன்று வருஷம் ஆன நாட்டில், கையடக்க விலை, மைலேஜ், தெருமுனையில் கிடைக்கிற பாகம் என்று பழகிப்போன ஜனங்களிடம் ஐரோப்பிய நடுத்தரக் காரைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஓப்பல் போய் ஷெவர்லே வந்தது, மாடல்கள் மாறி மாறி வந்தன. 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தினார்கள். 1930களில் ரோட்டுக்கு ஏற்ற வண்டி தந்து ஜெயித்த அதே கம்பெனி!

ஃபோர்டும் அப்படித்தான். 1996-ல் எஸ்கார்ட்டோடு வந்து தடுமாறியது. 1999-ல் இந்தியாவுக்கென்றே அமைத்த ஐகான் வந்ததும் நிமிர்ந்தது. ஆனாலும் 2021-ல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, மறு வருஷம் மறைமலை நகரில் கடைசிக் கார் இறங்கியது. அதே சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் 1998-ல் சான்ட்ரோவோடு வந்த ஹூண்டாய், சின்னக் கார், உயரமான கூரை, எளிதான விலை என்று நம் குடும்பத்தைப் பார்த்துத் தொடங்கி வேரூன்றியது. ஒரே நாடு, ஒரே ரோடு, ஒரே வரி. வித்தியாசம் யாருக்காக வண்டி செய்தார்கள் என்பதில்.

நம் பழைய மாணவர்களில் இந்த மாதிரி கம்பெனிகளிலும் ஷோரூம்களிலும் வேலை பார்த்து, கம்பெனி போனபோது ஐம்பது வயதில் நடுவழியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். இந்த மலர் வெளியாகிற கூட்டத்திலேயே உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் போடுகிற கணக்கு எத்தனை வீட்டு அடுப்பைத் தொடுகிறது என்று அவரைக் கேட்டால் தெரியும்.

ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற தம்பி தங்கைகளுக்கு இந்தக் கிழவன் சொல்வது ஒன்றுதான். பெரிய பெயரில் வேலை கிடைத்தால் சந்தோஷமாகச் சேருங்கள். ஆனால் அந்தப் பெயர் நாளைக்குப் போனாலும் உங்களிடம் நிற்கிற ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் விற்கிற பொருளை வாங்குகிறவர் எந்த ரோட்டில் வீட்டுக்குப் போகிறார் என்று ஒருநாளாவது கூடப் போய்ப் பாருங்கள்.

அடுத்த தடவை மேல வெளி வீதியில் போகும்போது அந்தக் கட்டிடத்தை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவுக்கு இரண்டு தடவை வந்து இரண்டு தடவை போய்விட்டது. லாட ஆணி பொறுக்கினவர் போட்ட கடை அங்கேயே இருக்கிறது.